கொடுவாவுக்குச் சொன்னது

எங்கள் கோரைமுனையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் எவரும் "போறேன்" என்று சொல்வதில்லை, வழியனுப்புகிறவரும் "போ" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. கொல்லைப்பக்கம் போகிறவர்கூட "வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார், வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுத் திரும்புகிறவளிடமும் "சரி, போயிட்டு வா, நாளைக்குப் பேசிக்குவம்" என்றுதான் சொல்லுவோம். இதைப் பெரிய மரியாதை என்றெல்லாம் நாங்கள் நினைத்ததில்லை. வாயில் வெற்றிலை கிடக்கிற மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது. இடும்பன் அந்தச் சொல்லை ஆள் மாற்றிக் கொடுக்கும்வரை அதற்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

இடும்பன் அலையாத்திக் காட்டுக்குள் வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போகிறவன். எந்த வாய்க்காலில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், வற்றுகிற தண்ணீரோடு இறால் குஞ்சுகள் அடித்துக்கொண்டு வரும்போது எந்த மரத்தின் வேருக்கடியில் கொடுவா மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். என்ஜினை அணைத்துவிட்டு, கழியை ஊன்றி, படகு நகர்வது படகில் இருப்பவனுக்கே தெரியாதபடி தள்ளிக்கொண்டுபோய், "சார், அந்தக் கருப்பு வேருக்கு அந்தாண்ட போடுங்க" என்று கிசுகிசுப்பான். சென்னையிலிருந்து வருகிற கிருபாகரன் சார் போட்டால் விழும். ரப்பரில் செய்த மீனைக் காட்டி நிஜ மீனைப் பிடித்து, டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பிடித்த மீனை விடுவதற்கு இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்களே, வீட்டிலிருந்தபடியே பிடிக்காமல் இருக்கலாமே என்று நாங்கள் கேலி செய்வோம். இடும்பன் சிரித்துக்கொள்வான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் பிள்ளையில்லாத அவனுக்கும் அவன் பெண்டாட்டி பவளத்துக்கும் அந்தப் படகுதான் சோறு போட்டது.

தை மாதம், ஒரு காலை. கிருபாகரன் சாருக்கு அன்றைக்கு மாட்டிய கொடுவா அவர் ஆயுசிலேயே பெரியது, ஒரு மூன்று வயசுப் பிள்ளை உயரம் இருக்கும். படம் எடுக்கக் காட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று, தண்ணீர் நிரப்பிய தொட்டியில் போட்டுத் துறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். துறை இடும்பன் வீட்டுக்கு நேர் எதிரே, ஐந்து படி. படமெல்லாம் எடுத்து முடித்ததும் சார் மீனை இடும்பனிடம் கொடுத்துவிட்டார். இடும்பன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதன் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, செவுள் சரியாக மூடித் திறக்கும்வரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பவளம் பையைத் தூக்கிக்கொண்டு மேல்படியில் வந்து நின்றாள். ஆற்றுக்கு அக்கரையில், மேலத்துறையில் இருக்கிற அவள் அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன், பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"என்னாங்க, பஸ்ஸு வந்துரும். நான் போயிட்டு வரேன்."

"ம், போ, போ" என்றான் இடும்பன், திரும்பிப் பார்க்காமல்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பஸ் ஹாரன் கேட்டது, போய்விட்டாள். அதற்குள் மீன் தெம்பு வந்து வாலை அசைத்தது, இடும்பன் விரல்களை விரித்தான், கையிலிருந்து ஒரு உயிர் கிளம்பும்போது சொல்ல வேண்டியதை அவன் வாய் தானாகச் சொல்லிற்று. "போயிட்டு வா" என்று கொடுவாவிடம் சொன்னான். பெயரிலேயே ஒரு வா வைத்திருக்கிற மீனுக்கு இன்னொரு வாவையும் கொடுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தண்ணீர் ஏறியபோது கொடுவா வந்தது. உதட்டில் தூண்டில் முள் கிழித்த தழும்போடு அடியிலிருக்கிற ஐந்தாம் படிக்கு வந்து, இடும்பன் வீட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்று, தண்ணீர் வற்றும்போது கூடவே போயிற்று. மறுநாளும் வந்தது. சொன்னபடி வந்திருக்கிறது என்று நாங்கள் சொன்னோம், அவ்வளவுதான். இடும்பனுக்கு அது பிடித்துவிட்டது. அதன்பிறகு எந்த மீனையும் காட்டுக்குள் விடாமல் துறைக்குக் கொண்டுவந்து, தானே தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றிடமும் "போயிட்டு வா" என்று சொல்லித்தான் விட்டான். ஒவ்வொன்றும் வந்தது. செப்பிலி வந்தது, காளா வந்தது, கொடுவாக்கள் குடும்பம் குடும்பமாக வந்தன. தாங்கள் பிடித்த மீனைத் திரும்பப் பார்க்க வெளியூர்க்காரர்கள் மாமியார் வீட்டுக்கு வருகிற மாதிரி பழத்தோடு வந்தார்கள்.

மீன் வந்தால் தண்ணீரும் வந்துதானே ஆக வேண்டும். பத்து மீன் வந்தபோது தண்ணீர் மூன்றாம் படியில் நின்றது, முப்பது வந்தபோது மேல்படியைத் தாண்டித் தெருவுக்குள் எட்டிப் பார்த்தது, மாசி பிறந்து எண்பதைத் தொட்டபோது தெரு நெடுகக் கணுக்கால் தண்ணீர், அதில் மீன்கள் வீடு வீடாக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன. நாங்கள் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்தோம், அடுப்பை மேடையேற்றினோம், பள்ளிக்கூடத்து டீச்சர் பஞ்சாங்கத்தில் திதி பார்த்துத் தண்ணீர் ஏறுவதற்குள் மணியடித்தார், தபால்காரர் தண்ணீர் வற்றுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு வந்தார். ஒருவரும் அந்த மீன்களைப் பிடிக்கவில்லை. மீன் விற்கிற தைலம்மை மட்டும் ஒரு செப்பிலியைப் பிடித்து அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள், வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டாள். "வான்னு சொல்லி வந்தத எப்படி அறுக்குறது" என்று கையைக் கழுவிக்கொண்டாள்.

இடும்பன் வாயில் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபின் ஊர் சும்மா இருக்குமா. அவன் நாக்கில் ஒரு மச்சம்கூடக் கிடையாது, ஊரே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டது. ஆனாலும் சிங்கப்பூருக்குக் கிளம்புகிற பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவன் முன்னால் நிறுத்தினார்கள், அவன் ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து "போயிட்டு வாப்பா" என்றான், அம்மாக்கள் நிம்மதியாகத் திரும்பினார்கள். பஸ் டிரைவர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சொல்லச் சொன்னார், அன்றிலிருந்து இரண்டு மணி பஸ் இரண்டு மணிக்கே வர ஆரம்பித்தது, எங்களுக்குத்தான் அது பழகச் சிரமமாக இருந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்களை மட்டும் அவன் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக அனுப்பினோம், வாழப்போன பெண்ணை இவன் பாட்டுக்கு வரச்சொல்லிவிட்டால் என்ன செய்வது. சாவு விழுந்தால் அவன் வீட்டுக் கதவை வெளியே தாழ் போட்டோம். தாழ் போட்ட கதவுக்கு முன்னால் போய் நின்று, என் வீட்டுக்காரருக்கு ஒருதரம் சொல்லிடு தம்பி என்று கேட்டு அழுத பெண்களும் இருந்தார்கள். அவன் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதற்கு நடுவில் பவளம் வரவில்லை.

பத்து நாள் முடிந்து அவள் கிளம்பத்தான் செய்தாள். மேலத்துறைக்கும் எங்களுக்கும் நடுவே ஆற்றின் மேல் நெட்டைப் பாலம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பஸ் பஞ்சர், நேரமாகிவிட்டது, திரும்பிப் போய்விட்டாள். அடுத்த நாள் பாலத்தில் சாலை மறியல். அதற்கடுத்த முறை பாலம் வரைக்கும் வந்த பிறகு, வீட்டில் காஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம். ஒருமுறை நன்றாக வந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் இருந்த அம்மாள் வாந்தியெடுத்து மயங்கிவிட, அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போய்விட்டாள். எல்லாம் எல்லாருக்கும் நடக்கிற காரியங்கள்தான், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. பதினான்காவது முறை அவள் பஸ்ஸை நம்பாமல் நடந்தே பாலத்தில் ஏறினாள், வெயிலில் தலையைக் குனிந்தபடி நடந்தாள், நடந்தாள், பாலம் முடிந்ததென்று நிமிர்ந்து பார்த்தபோது ஏறிய இடத்திலேயே மேலத்துறையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே இடும்பனுக்குப் போன் போட்டாள்.

"அன்னைக்கி நான் கெளம்பையில என்னா சொன்னீங்க?"

"என்னா சொன்னன், ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கு. போ, போன்னீங்க. மீனுகிட்டதான் வான்னீங்க. நான் பஸ்ஸுல ஏறயில கேட்டுது."

இடும்பன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். தெருத் தண்ணீரில் நின்றிருந்தான். அவன் காலைச் சுற்றி மீன்கள் நின்றிருந்தன, நாங்களும் நின்றிருந்தோம். அப்புறம் அவன் "வா வா வா" என்று போனுக்குள் சொல்ல ஆரம்பித்தான், சொல்லிக்கொண்டே இருந்தான், கேட்க முடியவில்லை. கிளம்புகிறவள் முன்னால் நின்று சொல்ல வேண்டிய சொல்லைக் கம்பி வழியாகச் சொல்லி என்ன பிரயோஜனம்.

மறுநாள் அவனே மேலத்துறைக்குப் போனான். பவளம் இளைத்திருந்தாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு, அவள் கையில் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் நின்று, "என்னாங்க, கடைக்கிப் போயிட்டு வரேன்" என்றாள். இவன் அவள் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, "போயிட்டு வா பவளம்" என்றான். அவள் போய்க் கால் கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தேவிட்டாள். அவள் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவி வந்து அந்த வெல்லத்தில் பாயசம் வைத்தாள், மூன்று பேரும் குடித்தார்கள், குடித்துவிட்டு இவர்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். பாலத்தின் நடுவில் பவளம் எழுந்து, "நிறுத்துங்க, எறங்கணும்" என்றாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, இறங்கி மேலத்துறைப் பக்கம் நடந்தாள், நடந்துகொண்டே திரும்பித் திரும்பி அவனைப் பார்த்து அழுதாள். அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. மீன்களெல்லாம் அவன் எங்கே நின்று சொன்னானோ அந்தத் துறைக்குத்தான் வந்தன. மேலத்துறை வாசலில் நின்று சொன்னதால் அவள் இனி ஆயுசுக்கும் மேலத்துறை வாசலுக்குத்தான் வருவாள். முன்னே "போ" என்று சொல்லித் தன் வீட்டுக் கதவை அவளுக்கு அடைத்தான், இப்போது "வா" என்று சொல்லி அவளை அம்மா வீட்டுக் கதவோடு பூட்டிவிட்டு வந்தான்.

பாலத்தில் வைத்து இன்னொரு தரம் சொல்லிப் பார் என்று எங்களில் சிலர் யோசனை சொன்னோம். "அவ ஆயுசுக்கும் பாலத்து நடுவுல நிக்கவா" என்று கேட்டான். மேலத்துறை வாசலில் போய் "போ" என்று சொல்லி அதை அழித்துவிடேன் என்றோம். "அப்பறம் அவளுக்கு அந்த வாசலும் இல்ல" என்றான். எங்களுக்கு அதற்குமேல் யோசனை வரவில்லை. யோசனை சொல்லுவதை நிறுத்தவும் தெரியவில்லை.

பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சிங்காரவேலு நாட்டார், எங்கள் ஊர்த்தலைவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடும்பன் வீட்டு வாசல் தண்ணீரில் வந்து நின்றார். கிழங்கு அவித்த பாத்திரம் ஒன்று மிதந்து போவதைப் பார்த்தார்.

"தம்பி, ஊரு தாங்காதுப்பா" என்றார்.

"தெரியிது அய்யா."

"நீதான் சொல்லணும். நாங்க ஆயிரம் சொன்னாலும் அதுங்க கேக்காது."

இடும்பன் அன்று சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் தெருவில் இறங்கினான். ஒவ்வொரு மீனாகப் பிடித்து, வயிற்றைத் தாங்கி, அதன் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பி, "போ" என்றான். நூற்று நாற்பத்திரண்டு தரம் சொன்னான். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குக்கூட அந்தச் சொல்லை அப்படி மொட்டையாகச் சொன்னது கிடையாது, பெண்கள் கேட்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு கணம் நின்றது, பவளம் அன்றைக்கு மேல்படியில் நின்றாளே அதுபோல நின்றது, பிறகு போயிற்று. போனவை போனவைதான். உதட்டில் தழும்புள்ள மீன் ஒன்றுகூட அதற்கப்புறம் எந்த வாய்க்காலிலும் எவர் வலையிலும் கிடைக்கவில்லை, காட்டில் இருந்த மற்ற மீன்களும் குறைந்துபோயின, கிருபாகரன் சாரும் வருவதை நிறுத்திவிட்டார். முதல் கொடுவாவை மட்டும் இடும்பன் விட்டுவைத்தான். அதைக் கையில் ஏந்தினான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"இதுகிட்ட இருக்குறது அவளோட சொல்லு" என்றான். ஒரு மீனுக்கு வருகிற தண்ணீர் நான்காம் படியைத் தாண்டாது, நாட்டாரும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மீனும் இல்லை, வேலையும் இல்லை, பவளம் வரப்போவதும் இல்லை என்றான பிறகு இடும்பன் மேலத்துறைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான். அவள் வர முடியாவிட்டால் என்ன, அவன் போகலாமே. அங்கே ஒரு இறால் பண்ணையில் காவல் வேலைகூடப் பார்த்துவைத்திருந்தாள் பவளம். ஒரேயொரு தொல்லை, கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது. வாய் அவனுடையது, சொன்னால் நடக்கும். "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும் என்று ஒருவர் சொல்ல, போன மீன்கள் எங்கே போயின என்று யாருக்குத் தெரியும் என்று இன்னொருவர் கேட்டார். பவளமும் போனில் அதையேதான் சொன்னாள். "எனக்குப் போறதுக்கு அம்மா வீடு இருந்துச்சு, அதனால இங்க கெடக்குறன். உங்களுக்கு அப்படி ஒரு எடம் இல்ல. அந்தச் சொல்ல மட்டும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்காதீங்க. வாயத் தொறக்காம வந்து சேருங்க."

அப்படியே ஏற்பாடாயிற்று. சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணி பஸ். இடும்பன் வீட்டைப் பூட்டிச் சாவியை நாட்டாரிடம் கொடுத்தான், வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டான். நாங்கள் ஊரே திரண்டு தெருவில் நின்றோம், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வாய்க்கு ஒரு சக்தியும் கிடையாது, ஆனாலும் நாங்கள் சொன்னால் அவன் பதில் சொல்லிவிடுவானே என்று பயம். வழியனுப்பும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, தைலம்மை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அவன் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான், நாங்களும் கும்பிட்டோம். பஸ் தூரத்தில் வளைவு திரும்புவது தெரிந்தது.

பையை மேல்படியில் வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு ஏறலாம் என்று அவன் துறையில் இறங்கினான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொடுவா வந்தது. வழக்கம்போல வீட்டைப் பார்த்து நின்றது, கதவு பூட்டியிருந்தது, மெதுவாகத் திரும்பி அவன் கணுக்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இடும்பன் முகத்தைக் கழுவத் துண்டை அவிழ்த்தான். குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, அதன் முதுகை ஒருமுறை தடவினான்.

"போயிட்டு வரேன்" என்றான்.

நாங்கள் எல்லோரும் கேட்டோம். அவனும் கேட்டான். குனிந்தவன் நிமிரவில்லை. கொடுவா வாலை அசைத்துக்கொண்டு போயிற்று, பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது, நாட்டார் சாவியை எந்தப் பையில் வைத்தோம் என்று தேடுவதுபோலச் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது அவன் தினமும் காலையில் மேலத்துறைக்குப் போகிறான். தண்ணீர் ஏறும் நேரத்துக்கு எப்படியும் எங்கள் துறையில் இருக்கிறான். சாவியை மறந்துவிட்டதாக ஒருநாள், பண்ணை முதலாளி கோரைமுனைப் பக்கம் ஒரு சாமான் கொடுத்துவிட்டதாக ஒருநாள், பஸ்ஸில் தூங்கிப்போய்விட்டதாக ஒருநாள், எல்லாம் எல்லாருக்கும் நடக்கிற காரியங்கள்தான். ஒருநாள் பவளம் அவன் மணிக்கட்டைத் தன் முந்தானையோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்தாளாம். முடிச்சு அவிழவில்லை, புடவைதான் கிழிந்தது. அவன் அந்தத் துணியோடு வந்து இறங்கியதை நாங்கள் பார்த்தோம்.

அவன் இங்கே திரும்பும்போது பாலத்தின் பாதிவரைக்கும் பவளம் கூட வருவாள். அதற்குமேல் அவள் கால் வராது. அவன் வாயைத் திறக்க மாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான், அவன் வாயை அவன் இப்போது நம்புவதில்லை. அவள்தான் சொல்லுவாள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, அவள் வாய்க்கு அந்தச் சக்தி கிடையாது என்று அவளுக்கே தெரியும். வேறு என்ன சொல்லி ஒரு மனுஷனை அனுப்புவதென்று தெரியாமல், "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவன் அந்தக் கோடியில் இறங்கும்வரை கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பாள்.